எழுபத்தோரு டிகிரி

துளியக்காவின் கண்ணுக்குத் தப்பிய கீறல் இன்னும் உலகத்தில் பிறக்கவில்லை என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. மூன்றாம் மாடிக் கோடி அறையில் சாய்வு விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் ஒரு படிகத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், தகடே வெலவெலத்துப்போய், "இந்த ஓரத்தில் ஒன்று இருக்கிறது தாயே" என்று ஒப்புக்கொண்டுவிடுமாம்.

அவள் பார்க்கும் வேலை என்னவென்று சொந்தபந்தத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "கண்ணாடி மாதிரி ஒரு சில்லு மேல தண்ணி சொட்டு வைக்கிறா" என்பாள் நாத்தனார். "அதுக்கா காலங்காத்தால பஸ்ஸைப் பிடிக்க அந்த ஓட்டம் ஓடுறா?"

அதற்குத்தான். தபால்தலை அளவு படிகத் தகடு. அதன் மேல் ஊசிமுனையிலிருந்து கடுகளவு தண்ணீரை இறக்கிவிட்டு, பக்கவாட்டிலிருந்து உருப்பெருக்கிக் குழாய் வழியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். துளி தொந்தியும் தொப்பையுமாகக் குண்டாக உட்கார்ந்திருந்தால், அதன் விளிம்பு தகட்டோடு சேரும் கோணம் பெரிது. காலை நீட்டிப் படுத்துவிட்டால் கோணம் சின்னது. எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு துளியை ஊதி உலர்த்தி, அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக்கதிர் லேசரை அடித்து, புதுத்துளி வைத்து மறுபடி பார்க்க வேண்டும். வெறும் வெளிச்சத்தைக் காட்டியே தண்ணீரைக் கல்லின் மேல் உட்கார் என்றால் உட்காரவும் படு என்றால் படுக்கவும் வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடிந்துவிட்டால், பம்பும் குழாயும் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தத்தை வெளிச்சத்தாலேயே தகட்டின் மேல் நடத்திக்கொண்டுபோய்ச் சோதித்துவிடலாம்.

இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா வைத்த துளிகளைச் சேர்த்தால் ஓர் ஏரியே நிரம்பும் என்று எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தபோது, லேசரைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது வயது ஆசாமி உட்கார்ந்து கணக்குப் போட்டார். "ஏரி எல்லாம் இல்லக்கா. ஒரு டம்ளர். அதுவும் முக்கால் டம்ளர்." அவருக்கு அங்கே 'டார்ச்' என்று பெயர். லேசர் என்று சொன்னால் கேட்பவர்கள் பயப்படுகிறார்கள் என்று அவரே வைத்துக்கொண்ட பெயர்.

தகடுகளைத் தேய்த்து மெருகேற்றித் தருபவர் தரைத்தளத்தில் இருந்தார். பாலிஷ்காரர். துளியக்காவின் வீட்டுக்காரர். மூன்று மாடி இடைவெளியில் ஒரே கட்டடத்தில் குடித்தனம் மாதிரி இருபத்திரண்டு வருஷம். அவர் சுழலும் தட்டில் பசையும் தண்ணீரும் விட்டு, பெருவிரலால் அழுத்தம் கொடுத்து ஒரு தகட்டைத் தேய்த்து முடிக்க ஒரு முழுநாள் ஆகும். வலது பெருவிரல் தட்டில் பட்டுப் பட்டுப் பாதி ரேகை தேய்ந்து, நடுவில் வழுக்கைத் தலைபோல் ஒரு வட்டம் இருந்தது. தேய்த்த தகட்டைக் கரைப்பானில் கழுவிப் பெட்டியில் வைத்து, பெட்டியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வருவார். லிஃப்ட் இருந்தது. ஆனால் லிஃப்டில் வந்தால் குலுங்கித் தகடுகள் உரசிக்கொள்ளும் என்று, 'பெட்டிகள் படி வழியாக மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தரைத்தளத்துச் சுவரில் ஒட்டியவள் துளியக்காதான்.

"வாங்க பாலிஷ்காரரே. ஏன் இவ்வளவு நேரம்? வழியில கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டு வர்றீங்களா?"

"ரெண்டாம் மாடியில வாட்ச்மேன் பிடிச்சுக்கிட்டான் மேடம்."

"இந்தாங்க, மூணுல கீறல். திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"எங்க? எனக்குத் தெரியலையே."

"உங்களுக்கு நான் எதிர்ல நின்னாலே தெரியாது. கீறலா தெரியப்போவுது?"

டார்ச் ஓவென்று சிரிப்பார். பாலிஷ்காரரும் சிரித்துக்கொண்டே பெட்டியை ஏந்திக்கொண்டு மூன்று மாடி இறங்குவார். மறுநாள் மறுபடி ஏறுவார்.

அவருடைய மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அப்படி ஒரு மினுமினுப்பான மூக்கு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. காலையில் சோப்புப் போட்டுக் கழுவி அரைமணி நேரத்தில் மறுபடி எண்ணெய் ஊறி, ஒரு சின்னக் கலங்கரை விளக்கமாக நிற்கும். கரண்ட் போனால் வீட்டில் மெழுகுவத்தி தேடுவதில்லை, "அப்பா, இந்தப் பக்கம் திரும்புங்க" என்றால் போதும் என்பாள் மகள். அந்த எண்ணெய்க்கு ஓர் உபயோகமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் மெல்லிய கீறல் விழுந்தால், பெருவிரலால் மூக்கு ஓரத்தை ஒரு தடவு, கண்ணாடியில் ஒரு தடவு. எண்ணெய் கீறலுக்குள் இறங்கி நிரப்பிவிடும். கீறல் மாயம்!

"சீ, கையை எடுங்க! என் கண்ணாடியில ஏன் அசிங்கம் பண்றீங்க?"

"இது நேரா ஃபேக்டரியிலேர்ந்து வர்ற சரக்கும்மா. கடையில கிடைக்காது."

"லேப்ல மட்டும் இந்த வேலையைப் பண்ணிப் பாருங்க, வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"அங்க பண்ணுவேனா? அங்க இருக்கிற இன்ஸ்பெக்டரம்மா பொல்லாதவங்க."

போன வருஷம் மார்ச் மாதம்தான் அந்த அதிசயம் நடந்தது. அதுவரை லேசர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தண்ணீர் தன் பாட்டுக்குப் படுத்தே கிடந்தது. அன்றைக்குத் துளி குண்டாக உட்கார்ந்தது: முப்பத்தெட்டு டிகிரி. லேசர் அடித்ததும் காலை நீட்டிவிட்டது: பன்னிரண்டு. துளியக்கா ஒன்பது முறை செய்து பார்த்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தாழ்வாரத்தில் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவள் அல்ல. அந்த ஆய்வுக் குழுவின் தலைவி. நாற்பத்திரண்டு வயதில் பாதித் தலை நரைத்தவள். மீதிப் பாதி அன்று சாயந்திரம் சந்தோஷத்தில் கறுத்துப்போனது என்றுகூடச் சொல்வார்கள்.

மாதம் ஏற ஏற விளைவும் ஏறியது. ஏப்ரலில் நாற்பத்திரண்டு. ஜூனில் ஐம்பது. செப்டம்பரில் அறுபத்து மூன்று. லேசர் அடித்தால் எல்லாமே பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். டாக்டரம்மா இரவு பகல் யோசித்து ஒரு காரணமும் சொன்னாள். கையால் தேய்க்கும்போது பெருவிரலின் அழுத்தம் படிகத்தின் மேல்தோலில் ஒருவித இறுக்கத்தை உண்டாக்குகிறது. அந்த இறுக்கத்தை ஒளி அவிழ்த்துவிடுகிறது. பாலிஷ்காரரின் கைப்பக்குவம் கூடிக்கொண்டே போவதால் விளைவும் கூடுகிறது. ஆகவே கட்டுரையில் அவர் பெயர் மூன்றாவதாக வரும். ஒரு பாலிஷ்காரர் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வருவது அந்தக் கட்டடம் கட்டியதிலிருந்து அதுதான் முதல் தடவை.

எழுபதைத் தொட்ட அன்று கேக் வெட்டினார்கள். பாலிஷ்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி கத்தியை வாங்கினார்.

"எழுந்து நில்லுங்க சார், விஞ்ஞானி ஆயிட்டோம்னு கெத்தா?" என்றார் டார்ச்.

"மூணாவது பேருக்காரன் உட்காரலாம்ப்பா. முதல் ரெண்டு பேருதான் நிக்கணும்."

"இவருக்கு இப்பல்லாம் ஒரு கீறல் விழறது இல்ல, தெரியுமா?" என்று பெருமையோடு சொன்னாள் துளியக்கா. "மார்ச்லேர்ந்து ஒரு பீஸைத் திருப்பி அனுப்பலை நான். என் திட்டுக்கு மனுஷன் திருந்திட்டாரு."

அவர் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

அது நவம்பர் மாதம். அதே மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சுழலும் தட்டு சுழன்றுகொண்டே இருக்க, அவர் முக்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார். டீ கொண்டுபோன கேன்டீன்காரர்தான் முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இதய மருத்துவர் கேட்டார்: "எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?" துளியக்கா விழித்தாள். "அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர். நல்லாதான் இருந்தாரு." "மாசக்கணக்கா இருந்திருக்கணும்மா" என்றார் மருத்துவர். அன்று சாயந்திரம் அவர் உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவருக்குப் பதிலாக ஒரு மெஷின் வந்தது. மெஷின் தேய்த்த தகடுகளில் தண்ணீர் லேசருக்கு முன்பும் பன்னிரண்டு, பின்பும் பன்னிரண்டு. விளைவு சுத்தமாக இல்லை. "மெஷினுக்கு ஏது அந்தப் பெருவிரல்?" என்றாள் டாக்டரம்மா, காரணம் இன்னும் உறுதியானதுபோல்தான் ஆயிற்று. ஆனால் கட்டுரையைச் சரிபார்க்கும் வேறோர் ஆய்வுக்கூடம், தாங்கள் கையால் தேய்த்த தகடுகளிலும் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிட்டது. நேரில் பார்க்க ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அவர் கண்ணெதிரே நடத்திக் காட்டிவிட்டால் கட்டுரை அச்சேறும். பாலிஷ்காரர் தேய்த்ததில் சோதிக்காத தகடு ஒன்றே ஒன்று, அவர் கையெழுத்தில் தேதி போட்ட பெட்டியில், மிச்சமிருந்தது.

மகள் தினமும் போன் செய்தாள். "அம்மா, அப்பா பேரு அச்சுல எப்ப வரும்? வந்த உடனே பெருசா பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டணும். மாமியார்கிட்ட இடம்கூடக் காட்டிட்டேன்."

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிரும்டி."

புதன்கிழமை காலை துளியக்கா தன் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. ஆய்வுக்கூடத்து மேசை இழுப்பறையில் பழைய கண்ணாடி ஒன்று போன வருஷத்திலிருந்து கிடந்தது. எடுத்துப் போட்டாள், மங்கலாக இருந்தது. லென்ஸ் துடைக்கும் கரைப்பானில் காகிதத்தை நனைத்து அழுத்தித் துடைத்தாள். மறுபடி போட்டபோது, இடது கண்ணுக்கு நேரே ஒரு கீறல் நீளமாக எழுந்து நின்றது.

துடைத்தால் அழுக்குப் போகும். கீறல் எப்படி வரும்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவி மனுஷா, இதிலும் தடவி வைத்திருந்தீர்களா! சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினாள். சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாகப் போய்க் கடைசிப் பெட்டியைத் திறந்தது.

தகட்டைச் சாய்வு விளக்கில் பிடித்தாள். ஒரு கீறல் இல்லை, தேர்ந்த தகடு. விளக்கை அணைத்தாள். தகட்டை வாய்க்கருகே கொண்டுவந்து, ஹா என்று மெல்ல மூச்சு விட்டாள். சுத்தமான தகடு என்றால் மூச்சு ஒரே சீராகப் படியும். எண்ணெய் பட்ட இடத்தில் வேறு மாதிரி படியும்.

மூச்சுப்பனியில் ஒரு பெருவிரல் மலர்ந்தது. வளைந்து வளைந்து தேய்த்த ரேகைகள். நடுவில் வழுக்கைத் தலைபோல் ஒரு வட்டம். இரண்டு விநாடி இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வந்து, வட்டமும் போய்விட்டது.

அவள் மறுபடி மூச்சு விட்டாள். மறுபடி வந்தது. எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. டார்ச் வந்து பின்னால் நின்று, "என்னக்கா, கிரிஸ்டலுக்கு முத்தம் கொடுக்கறீங்களா?" என்று கேட்டபோதுதான் தகட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்க போங்க. அப்புறம் கூப்பிடறேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாக, பதில் பேசாமல் போனார்.

மூக்கெண்ணெய்க்கு மேல் தண்ணீர் ஒட்டாது, குண்டாகத்தான் உட்காரும். புறஊதாக்கதிர் எண்ணெயைப் பொசுக்கிவிட்டால் அடியில் சுத்தப் படிகம், தண்ணீர் படுத்துவிடும். அவ்வளவுதான் அதிசயம். வெளிச்சம் படிகத்தை மாற்றவே இல்லை, துடைத்திருக்கிறது. கழுவிய தகட்டில் கை படாது என்ற நம்பிக்கையில் அதை யாரும் மறுபடி கழுவிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மாவைத் தாண்டுவதற்காக, இன்ஸ்பெக்டரம்மாவின் புருஷன் கீறல்களை மூடி அனுப்பியிருக்கிறார்.

அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். எதிரே இருந்திருந்தால் அரைமணி நேரம் விடாமல் திட்டியிருப்பாள். ஏன் இப்படிச் செய்தார்? இருபத்தோரு வருஷம் ஒழுங்காகத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தவர்தானே? நோட்டை இழுத்துப் புரட்டினாள். மார்ச்சுக்கு முந்தின பிப்ரவரி. பன்னிரண்டு தகடுகளுக்கு ஒன்பது தடவை பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒன்பது தடவை மூன்று மாடி இறங்கி, ஒன்பது தடவை மூன்று மாடி ஏறி. ஒரே தகட்டை நான்கு தடவைகூட. பக்கத்தில் அவளே கிண்டலாக எழுதியிருந்தாள்: 'பாலிஷ்காரர் தூங்குகிறார்.'

மார்ச்சிலிருந்து ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இரண்டாம் மாடியில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான் என்பாரே. துளியக்கா எழுந்து படியிறங்கிப் போனாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வாட்ச்மேன் முக்காலியில் இருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் மேல வரும்போது உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

வாட்ச்மேன் தயங்கினார். "பேசமாட்டாரும்மா. இந்த முக்காலியில உட்காருவாரு. பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு. பத்து நிமிஷம், கால் மணி நேரம். அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போவாரு. வேர்வை கொட்டும். வீட்டம்மாகிட்ட வாட்ச்மேன் பிடிச்சுக்கிட்டான்னு சொல்லப்போறேன், மாத்திச் சொல்லிடாதேன்னாரு."

அவள் மேலே வந்து, நோட்டிலிருந்த எண்களை வரைதாளில் புள்ளி வைத்தாள். முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. ஐம்பது. இறுக்கமும் இல்லை, கைப்பக்குவமும் இல்லை. தேய்க்கத் தெம்பு குறையக் குறையக் கீறல் கூடியிருக்கிறது. கீறல் கூடக் கூட எண்ணெயும் கூடியிருக்கிறது. மார்ச்சில் லேசாக, மேயில் கொஞ்சம் அழுத்தி, நவம்பரில் தகடு முழுக்க. இதய மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவள் கையெழுத்திலேயே, தேதி வாரியாக, டிகிரி வாரியாக இருந்தது. அவர் மூச்சு குறைவதை அவள் ஒன்பது மாதம் உருப்பெருக்கி வைத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்து, ஏறுது ஏறுது என்று கைதட்டியிருக்கிறாள். எழுபதில் கேக் வெட்டியிருக்கிறாள்.

மூடிவிடலாம். அவளுக்கு அப்படித்தான் முதலில் தோன்றியது. வெள்ளிக்கிழமை வருகிறவருக்கு முன்னால் இந்தத் தகட்டை வைத்தால் துளி அழகாக உட்காரும், அழகாகப் படுக்கும். கட்டுரை அச்சேறும். மூன்றாவது பெயர். மகள் வீட்டு ஹாலில் சட்டம். அவருக்கென்று இந்த உலகத்தில் எழுத்தில் மிஞ்சப்போவது அது ஒன்றுதான். அதைப் பறிக்கப்போவது அவளா?

வியாழக்கிழமை காலை டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பெருவிரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டரம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "அக்கா, இது உங்களைத் தவிர யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு அவர் வந்து பார்த்துட்டுப் போன பிறகு சொல்லியிருக்கலாமே. இல்ல, சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்லையே."

"இருந்திருக்கலாம்மா. நேத்து ராத்திரி பூரா அப்படித்தான் நினைச்சேன்." வரைதாளை மேசைமேல் விரித்தாள். "இதைப் பாருங்க. இது எந்த மாசம் தொடங்குது?"

"மார்ச்."

"அப்பவே அவருக்கு மூச்சு வாங்கியிருக்கு. படியேற முடியலை. திருப்பித் தேய்க்க முடியலை. எங்கிட்டச் சொன்னா வேலையை விடச் சொல்லுவேன்னு பயம். சொல்லலைன்னா நான் பெட்டியைத் திருப்பி அனுப்புவேன். என்ன பண்ணுவாரு? தடவிட்டாரு. இந்தக் கோடு ஏறுது பாருங்க, இது கண்டுபிடிப்பு இல்லம்மா. இது அவர் செத்துக்கிட்டு இருந்தது. இது மேல அவர் பேரைப் போட்டு ஹால்ல மாட்டிட்டு, அதைப் பார்த்துக்கிட்டே நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

டாக்டரம்மா வரைதாளை ஒரு விரலால் தடவிக்கொண்டே போய் எழுபதில் நிறுத்தினாள். அந்தக் கட்டுரை அவளுக்கு நான்கு வருஷ உழைப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

"நானும்தான் கேக் வெட்டினேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும்க்கா. காரணம் எழுதணும்னா சோதனை வேணும். பாதித் தகட்டைக் கழுவிட்டு, பாதியை அப்படியே விட்டு, ரெண்டு பக்கமும் லேசர் அடிக்கணும். தகடு…"

"ஒண்ணுதான் இருக்கு. தெரியும்."

அதற்குமேல் மூவருமாகத்தான் செய்தார்கள். டார்ச் லேசரைச் சூடாக்கிக் குறி வைத்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. அந்த அறைக்கு அது இழவு வீட்டைவிட அதிகமாக இருந்தது. துளியக்கா கரைப்பானில் நனைத்த காகிதத்தால் தகட்டின் இடது பாதியைத் துடைத்தாள். ஒரே இழுப்பு. காகிதத்தைக் குப்பையில் போடப் போனவள், போடாமல் மேசை ஓரத்தில் வைத்தாள். துடைத்த பாதியில் நான்கு மெல்லிய கீறல்கள் எழுந்துவந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த நான்கையும் அன்றைக்கே பார்த்திருந்தால் பெட்டியைக் கையில் கொடுத்து, "என்ன பாலிஷ்காரரே, தூக்கமா?" என்றுதான் கேட்டிருப்பாள்.

இடது பாதியில் துளி வைத்தாள். "பன்னிரண்டு." லேசருக்குப் பின்னும் பன்னிரண்டு.

வலது பாதியில் துளி வைத்தாள். குண்டாக, தொந்தியைத் தள்ளிக்கொண்டு, ஒய்யாரமாக உட்கார்ந்தது.

"எழுபத்தோரு டிகிரி."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். துளியக்கா துளியை ஊதி உலர்த்தினாள். கீழே குனிந்து, யாரும் எதிர்பார்க்காதபடி, அந்தப் பாதியின் மேல் ஒரு தடவை மூச்சு விட்டாள். பாதிப் பெருவிரல் வந்தது, பாதி வட்டம். டாக்டரம்மாவும் பார்த்தாள். மூச்சு காய்ந்தது.

"அக்கா," என்றார் டார்ச். விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எனக்குக் கை வரலைக்கா. தினமும் என்கிட்டதான் முதல்ல குட்மார்னிங் சொல்லுவாரு."

"தள்ளுங்க."

அவளே அழுத்தினாள். புறஊதாக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. டிக் டிக் என்ற மெல்லிய சத்தம் மட்டும், வரிவரியாக, மேலிருந்து கீழே. ஒரு நிமிடம் முழுக்க அவள் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புகை இல்லை, வாசனை இல்லை, எதுவுமே இல்லை. சத்தம் நின்றது.

ஊசியை எடுத்துத் துளியை இறக்கினாள். குழாயில் கண்ணை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். டாக்டரம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீங்க வந்து பாருங்கம்மா," என்றாள் துளியக்கா, குழாயிலிருந்து முகத்தை எடுக்காமல். "கோடு எல்லாம் கலங்கித் தெரியுது எனக்கு."

டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்திவிட்டுக் குனிந்தாள். அடியில் துளி எங்கே முடிகிறது, படிகம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் தண்ணீர் பரவிக் கிடந்தது.

"பன்னிரண்டு," என்றாள்.

"எழுதிக்குங்க."